மரபணு ஆராய்ச்சிக்கு அரசு மானியம்: கணக்கு உதைக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் மருத்துவ, மரபணு ஆராய்ச்சிக்கான மானிய விண்ணப்பங்கள் அறிவியல் சரியில்லாமல்தான் திரும்பி வருகின்றன என்று புதிதாக எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படித் திரும்புவதும் உண்டுதான். ஆனால் நல்ல யோசனையோடு போய்த் திரும்பும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் கணக்கு உதைக்கிறது. நோக்கம் பகுதியில் 500 பேர், புள்ளியியல் பகுதியில் 460 பேர், வரவு செலவில் 400 பேருக்கான ரசாயனப் பொருள், கால அட்டவணையில் மாதம் 8 பேர் என்று ஒரே விண்ணப்பம் நான்கு குரலில் பேசும். மதிப்பீட்டாளர் அதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது. அரசின் ஆராய்ச்சிப் பணம் ஐந்தாண்டுத் திட்டங்களாக ஒதுக்கப்படுகிறது. 2021 முதல் 2025 வரையான ஆய்வு, புத்தாக்க, தொழில்முனைப்புத் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கியது 25 பில்லியன் வெள்ளி. அதற்கு முந்தைய ஐந்தாண்டுக்கு 19 பில்லியன். இந்தப் பணம் பல அமைப்புகள் வழியாக இறங்கி வருகிறது. நோயாளியோடு தொடர்புள்ள ஆய்வு என்றால் 1994-ல் தொடங்கிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம். நோய் என்று குறிப்பாக எதுவும் இல்லாமல், ஒரு புரதம் செல்லுக்குள் என்ன செய்கிறது என்ற வகை அடிப்படைக் கேள்வி என்றால் கல்வி அமைச்சின் கல்விசார் ஆய்வு நிதி. சொந்த ஆய்வகம் தொடங்கப்போகும் இளம் விஞ்ஞானிக்கு தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஃபெலோஷிப். கருவியாகவோ சோதனைப் பெட்டியாகவோ சந்தைக்குப் போக வேண்டிய பொருள் கையில் இருந்தால் தேசிய சுகாதாரப் புத்தாக்க நிலையம்.

மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்குள்ளேயே பல அடுக்கு. ஆய்வுக்கு நேரடியாகப் பணம் தருவது தனிநபர் ஆய்வு மானியம். முதன்முறை முதன்மை ஆய்வாளராக வருகிறவர்களுக்கு அதன் இளையோர் பிரிவு. பல நிறுவனம் சேர்ந்து செய்வதற்குப் பெரிய கூட்டு மானியம், மருந்துச் சோதனைக்குத் தனி மானியம். இவற்றோடு மருத்துவர்–விஞ்ஞானி விருது, மாற்றக்கால விருது போன்றவையும் உண்டு. இவை ஆளுக்கான பணம். இவற்றில் உங்கள் வளர்ச்சிப் பாதை, வழிகாட்டி, மருத்துவப் பணியிலிருந்து எத்தனை நேரம் விடுவிக்கப்படுவீர்கள் என்பதைத்தான் அலசுவார்கள். ஆய்வுத் திட்டத்தை மட்டும் பளபளப்பாக்கி அனுப்பினால் எடுபடாது.

இளையோர் பிரிவுக்குத் தகுதி இருக்கும்போதே பெரிய மானியத்துக்குத் தாவுவது வீண் அவசரம் என்பது என் எண்ணம். பெரிய மானியத்தின் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது முன்னோட்டத் தரவு. அது இல்லாத விண்ணப்பத்தை எத்தனை அழகாக எழுதினாலும் தூக்கி நிறுத்த முடியாது.

குழுவில் யாரை எந்தப் பெயரில் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். முதன்மை ஆய்வாளருக்கு உள்ளூர்ப் பொதுத்துறை மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிலையத்திலோ நிலையான பதவி வேண்டும். இணை ஆய்வாளர் என்பவர் வேலையிலும் பணத்திலும் பங்குள்ளவர். ஒத்துழைப்பாளர் என்பவர் பெரும்பாலும் வெளிநாட்டிலோ தனியார் துறையிலோ இருப்பவர். அவருக்கு மானியப் பணம் போகாது. சென்னையிலோ வேலூரிலோ உள்ள ஒரு ஆய்வகத்தை இணை ஆய்வாளராகப் போட்டு, அங்கே மாதிரி சேகரிக்க ஒரு தொகையும் எழுதிவிட்டால் அந்த வரி அப்படியே வெட்டப்படும். அதை நம்பி எழுதிய நோக்கமும் சேர்ந்து விழும்.

இனி எண்ணிக்கை. இங்கேதான் மரபணு ஆய்வுகள் அதிகம் சறுக்குகின்றன. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோய். எல்.டி.எல்.ஆர், ஏ.பி.ஓ.பி, பி.சி.எஸ்.கே.9 ஆகிய மரபணுக்களில் வரும் மாறுபாடுகளே இதன் முக்கியக் காரணங்கள். பல நாடுகளில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. சிங்கப்பூர் இந்தியரிடையே இந்த மாறுபாடுகளைப் பட்டியலிட வேண்டும் என்று ஒரு நோக்கம் எழுதுகிறீர்கள். பொது மக்களிலிருந்து 1,000 பேரை எடுத்தால் எதிர்பார்க்கக்கூடியது 4 பேர். அதுவும் சராசரிதான், புள்ளியியல்படி 1 பேர் கிடைத்தாலும் 8 பேர் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. ஆயிரம் பேருக்கு வரிசைப்படுத்தல் (டி.என்.ஏ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது) செய்து நாலு பேரைக் கண்டுபிடிப்பதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

சரி, கெட்ட கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 4.9 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடுப்போம் என்று மாற்றினால்? 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இந்த அளவைத் தாண்டியவர்களிலும் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே அந்த மாறுபாடு இருந்தது. அதாவது 1,000 பேரில் 20-க்கும் கீழே. குடும்ப வரலாறு, தசைநாணில் கொழுப்புக் கட்டி, இளவயது மாரடைப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து எடுத்தால்தான் விகிதம் உயரும். ஆனால் அப்படிச் சலித்தால் ஆள் கிடைப்பது குறையும். இந்தப் பேரத்தை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். எத்தனை பேரைச் சலித்து எத்தனை பேர், அவர்களில் எத்தனை மாறுபாடு என்று ஒரே பத்தியில் காட்டினால் மதிப்பீட்டாளர் அடுத்த பக்கத்துக்கு நம்பிக்கையோடு போவார். கூடவே இன்னொன்று: இந்த நோய்க்கான தேசிய மரபணுச் சோதனைத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2025-ல் தொடங்கிவிட்டது. அந்தத் திட்டம் ஏற்கெனவே கொடுப்பதற்கு மேல் உங்கள் ஆய்வு என்ன கொடுக்கும் என்பதற்கு இரண்டு வரியாவது இல்லாவிட்டால், கேள்வி அங்கிருந்துதான் வரும்.

முழு மரபணுத் தொகுப்பிலும் பொதுவான மாறுபாடுகளைத் தேடும் ஆய்வு என்றால் கணக்கு வேறு. முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பைக் காட்டும் பி-மதிப்பு ஒரு வாசலுக்குக் கீழே இருக்க வேண்டும்; அங்கே ஏற்கப்பட்ட வாசல் 0.00000005. அந்த வாசலைத் தாண்ட சில நூறு பேர் போதாது, விளைவு மிகப் பெரிதாக இருந்தாலொழிய. சில நூறு பேரை வைத்துக்கொண்டு புதிய மரபணு இடம் கண்டுபிடிப்போம் என்று எழுதுவதைவிட, ஏற்கெனவே வெளிநாட்டில் கண்டுபிடித்தவை இங்கே பொருந்துமா என்று சோதிப்போம் என்று எழுதுவது நேர்மையானது, சாத்தியமானது.

ஒப்பீட்டுத் தரவையும் நீங்களே உருவாக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் எஸ்.ஜி.10கே முன்னோடி ஆய்வு 4,810 பேரின் முழு மரபணுத் தொகுப்பை 2019-ல் 'செல்' ஆய்விதழில் வெளியிட்டது: சீனர் 2,780, இந்தியர் 1,127, மலாய்க்காரர் 903. அதன்பின் தேசியத் துல்லிய மருத்துவத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 100,000 பேரை இலக்காக வைத்தது. நம் மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. தமிழ்நாட்டு வேர் உள்ளவர்களின் மரபணுத் தரவு இத்தனை ஆழத்தில் ஒரே நாட்டில் கிடைப்பது அரிது. இத்தகைய தரவை ஒப்பீட்டுக் குழுவாகப் பயன்படுத்தத் தரவு அணுகல் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான மாதங்களைக் கால அட்டவணையில் போடுங்கள். தரவு நாளைக்கே கைக்கு வரும் என்ற நினைப்பில் எழுதிய அட்டவணைகளே அதிகம்.

ஆள் சேர்ப்புக் கணக்கு இதைவிடக் கறாரானது. ஒரு கற்பனைக் கிளினிக்: வாரம் 40 புது நோயாளிகள். அதில் இந்தியர் பத்தில் ஒருவர் என்றால் 4 பேர். தகுதிக்கு உட்பட்டவர் பாதி, 2 பேர். சம்மதிப்பவர் பாதி, ஒருவர். ஆக ஆண்டுக்குச் சுமார் 50. மூன்று ஆண்டில் 150 என்று தோன்றும். ஆனால் முதல் ஆறு மாதம் நெறிமுறைக் குழு அனுமதி, நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம், ஆள் நியமனம் ஆகியவற்றிலேயே போய்விடும். மிச்சம் இரண்டரை ஆண்டு, 125 பேர். விண்ணப்பத்தில் 300 என்று எழுதியிருந்தால் இன்னும் இரண்டு கிளினிக் வேண்டும். அந்தக் கிளினிக்குகளின் மருத்துவர்கள் பெயர் குழுவில் இருக்க வேண்டும்.

ஆய்வக வேலையில் சிறிதாகத் தெரிந்து பெரிதாகக் கடிக்கும் சில. ரத்தத்தை ஈ.டி.டி.ஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுக்க வேண்டும். வார்டில் கைக்குக் கிடைத்த பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதிலுள்ள ஹெபாரின், டி.என்.ஏ-வைப் பெருக்கும் பி.சி.ஆர் வினையைத் தடுக்கும். வரிசைப்படுத்தலுக்குப் போகும் மாதிரிகளில் சில கட்டாயம் கழியும்: டி.என்.ஏ போதாமை, இன்னொருவர் மாதிரி கலந்திருத்தல், பதிவில் ஆண் என்றும் தரவில் பெண் என்றும் வருதல், எதிர்பாராத உறவினர் ஜோடி. 8 விழுக்காடு கழியும் என்று வைத்தால், இறுதியில் 500 வேண்டுமென்றால் 544 பேரிடம் எடுக்க வேண்டும். பணமும் 544 பேருக்கு.

சேமிப்பிடத்தை எல்லோரும் மறப்பார்கள். 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை, படித்த ஒருவரின் தரவு, மூலக் கோப்பும் இடைக் கோப்பும் சேர்ந்தால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். 500 பேருக்கு 50 டெராபைட்டுக்கு மேல், அதற்கு ஒரு காப்புப் பிரதி வேறு. வேலை முடிந்ததும் கிராம் (CRAM) எனும் சுருக்கிய கோப்பு வடிவத்துக்கு மாற்றி இடைக் கோப்புகளை அழித்தால் இடம் பல மடங்கு குறையும். மானியம் முடிந்த பிறகு அந்தத் தரவை யார் காசில் வைத்திருப்பது என்பதை இப்போதே துறைத் தலைவரிடம் பேசி வைப்பது நல்லது. முடிந்த மானியத்தில் எந்தச் செலவும் எழுத முடியாது.

பணத்துக்கு வருவோம். நேரடிச் செலவில் ஆள், கருவி, இதர நடப்புச் செலவு, வெளிநாட்டுப் பயணம் எனத் தனித்தனித் தலைப்புகள். அதன்மேல் மறைமுகச் செலவு என்று பொதுத்துறை நிறுவனங்களுக்கு, தகுதியுள்ள நேரடிச் செலவில் 30 விழுக்காடு வரை. ஒரு மானிய அழைப்பில் உச்சவரம்பு மறைமுகச் செலவையும் சேர்த்து 1.5 மில்லியன் வெள்ளி என்று போட்டிருந்தால், உங்கள் நேரடிச் செலவு எவ்வளவு வரை போகலாம்? 30 விழுக்காட்டைக் கழித்து 1,050,000 என்று பலர் போடுகிறார்கள். தப்பு. 1.3-ஆல் வகுக்க வேண்டும்: 1,153,846. வித்தியாசம் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல், ஓர் ஆய்வு உதவியாளரின் ஒன்றரை ஆண்டுச் சம்பளம். எதிர்ப்பக்கத் தப்பு இன்னும் மோசம்: நேரடிச் செலவையே 1.5 மில்லியன் என்று போட்டால் மொத்தம் 1.95 மில்லியனில் நிற்கும், விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆள் செலவில் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி நிறுத்திவிடக் கூடாது. மாதம் 4,500 வெள்ளி வாங்கும் உதவியாளருக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 58,500. 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் முதலாளியின் மத்திய சேம நிதிப் பங்கு 17 விழுக்காடு, அதாவது 9,945. ஆக 68,445. ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு வைத்தால் மூன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 211,560. உயர்வு வைக்காவிட்டால் 205,335. ஆறாயிரம் வெள்ளிதானே என்று விட்டால், மூன்றாம் ஆண்டின் கடைசி மாதம் சம்பளத்துக்கு வழியில்லாமல் போகும். வேலை அனுமதியில் வந்தவருக்கு மத்திய சேம நிதி இல்லை என்று அந்தப் பங்கை விட்டுவிடுவதும் ஆபத்து. நடுவில் அவர் நிரந்தரவாசியானால் அந்தச் செலவு தொடங்கிவிடும். யார் வருவார் என்று தெரியாதபோது உள்ளூர்க்காரர் என்றே வைத்துக் கணக்குப் போடுவது உத்தமம்.

விலைக் குறிப்பு வாங்கும்போது பொருள் சேவை வரி சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. மானியம் தொடங்கும் தேதிக்கு முன்னால் செய்த செலவை எதிலும் ஏற்ற முடியாது, "அவசரமாக வாங்கினோம்" என்ற விளக்கம் செல்லாது. வரவு செலவுக்கான நியாயத்தை எழுதும் பெட்டியில் "ரசாயனப் பொருள்: 120,000" என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம்தான் வெட்டு விழும். ஒரு மாதிரிக்கு இவ்வளவு, 544 மாதிரி, மறுபடி செய்ய இத்தனை என்று பிரித்துக் காட்டிய தொகையில் கைவைக்க மதிப்பீட்டாளருக்கே கூச்சமாக இருக்கும்.

நெறிமுறைப் பக்கம். மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் 2015-ல் நிறைவேறியது, அதன் ஆராய்ச்சி விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. மருத்துவமனைகளில் நடப்பவை பெரும்பாலும் தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தின் ஆய்வு வாரியம் அல்லது சிங்ஹெல்த்தின் மத்திய வாரியம் வழியாகப் போகும். பல்கலைக்கழகங்களுக்குத் தனி வாரியம் உண்டு. அனுமதி வந்த பிறகே பங்கேற்பாளரைத் தொடலாம். மானிய விண்ணப்பம் போகும்போதே நெறிமுறை விண்ணப்பத்தின் வரைவைத் தயாராக வைத்திருப்பவர்களுக்கு மூன்று நான்கு மாதம் மிச்சம்.

மரபணு ஆய்வுக்கு அந்தச் சட்டத்தில் தனிக் கவனம் வேண்டிய இடம் எதிர்பாராமல் தெரியவரும் தகவல். கொலஸ்ட்ராலைத் தேடும்போது மார்பகப் புற்றுநோய்க்கான மாறுபாடு கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? அவரைத் திரும்ப அடையாளம் கண்டு சொல்லும் திட்டம் உங்களிடம் இருந்தால், சொல்லலாமா வேண்டாமா என்று இசைவுப் படிவத்திலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். சொல்வதென்றால் ஆய்வகத் தாளை அப்படியே நீட்ட முடியாது. புதிதாக ரத்தம் எடுத்து, உரிமம் பெற்ற மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்து, மரபணு ஆலோசகர் மூலம் சொல்ல வேண்டும். அந்தச் செலவுக்கு வரவு செலவில் ஒரு வரி இல்லையென்றால், படிவத்தில் கொடுத்த வாக்கு காற்றில் போகும்.

படிவத்தைத் தமிழில் கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். வயதான இந்தியர்களைச் சேர்க்கும் ஆய்வில் தமிழ்ப் படிவம் இல்லாமல் முடியாது. மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து வருவது பல சமயம் வாசிக்க முடியாத தமிழ். "மரபணுச் சோதனை" என்றதும் தகப்பன் யார் என்று பார்க்கும் சோதனை என்று நினைப்பவர்கள் உண்டு; நோக்கத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதைவிடச் சிக்கலானது, குறியீடு இட்ட மாதிரிக்கும் அடையாளம் நீக்கிய மாதிரிக்கும் உள்ள வித்தியாசம். முன்னதில் திறவுகோல் ஒருவரிடம் இருக்கிறது, ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம், பின்னதில் முடியாது. இரண்டையும் "பெயர் தெரியாமல்" என்று மொழிபெயர்த்த படிவம் பங்கேற்பாளருக்குப் பொய் சொல்கிறது. ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரி மாறினாலும் தமிழ்ப் படிவத்தின் பதிப்பு எண்ணும் மாறி, மீண்டும் வாரியத்தின் முத்திரை பெற வேண்டும். தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் இந்தப் பதிப்பு எண்தான்.

பங்கேற்பாளர் கட்டாயம் கேட்கும் கேள்வி: "இதனால் என் காப்புறுதிக்குப் பாதிப்பு வருமா?" பதில் தயாராக இருக்கட்டும். சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் கொண்டுவந்த தற்காலிகத் தடை 2021 அக்டோபர் 27 முதல் நடப்பில் உள்ளது. ஆராய்ச்சியின் பகுதியாகச் செய்த முன்கணிப்பு மரபணுச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனம் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது. நோய் அறிகுறி வந்தபின் மருத்துவர் செய்யும் கண்டறிதல் சோதனைக்கு இது பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை மட்டும் சொல்வது பின்னால் சண்டையில் முடியும்.

விண்ணப்பத்தை அனுப்புவது ஐ.ஜி.எம்.எஸ் எனும் ஒருங்கிணைந்த மானிய இணைய அமைப்பில். நீங்கள் அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. அது உங்கள் நிறுவனத்தின் ஆய்வு அலுவலகத்துக்குப் போய், ஆய்வு இயக்குநர் ஒப்புதல் அளித்து மேலே அனுப்பினால்தான் கணக்கு. அந்த ஒப்புதலும் கடைசி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அதனால் அலுவலகம் தனக்கென்று ஒன்றிரண்டு வாரம் முந்திய தேதி வைத்திருக்கும். உங்களுக்கு உண்மையான கடைசித் தேதி அதுதான். இணை ஆய்வாளர்கள் எல்லோருக்கும் அமைப்பில் கணக்கும் முழுமையான சுயவிவரமும் வேண்டும். கடைசி வாரத்தில் மாநாட்டுக்குப் போன ஒரு பேராசிரியரின் விவரம் நிரம்பாமல் மொத்த விண்ணப்பமும் தொங்குவது வழக்கமான காட்சி. அழைப்பு திறந்த முதல் வாரத்திலேயே கணக்கு தொடங்கச் சொல்லி நச்சரியுங்கள். ஒரே திட்டத்தை ஒரே நேரத்தில் மானியம் தரும் இரண்டு அமைப்புகளுக்கு அனுப்புவதும் கூடாது. கையிலுள்ள, காத்திருக்கும் மானியங்களை எல்லாம் அறிவிக்க வேண்டும். ஒன்றின் நோக்கம் மற்றதோடு மேற்பொருந்தினால் எங்கே பொருந்தவில்லை என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களின் பணத்தைக் குறிவைப்பவர்களுக்கு ஒரு சொல். நிறுவனத்துக்கு அந்நாட்டு அரசின் பதிவுத் தளத்தில் பதிவும் தனித்த அடையாள எண்ணும், ஆய்வாளருக்கு அவர்களின் இணைய அமைப்பில் கணக்கும் வேண்டும்; இவற்றுக்கே பல வாரம் ஆகும். 2025 மே மாதம் வெளிநாட்டுத் துணை மானியங்களுக்கான நடைமுறையையே மாற்றப்போவதாக அவர்கள் அறிவித்தார்கள். ஆகவே அமெரிக்கக் கூட்டாளியின் மானியத்தில் துணையாக ஒட்டிக்கொள்ளும் பழைய வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மானியம் கிடைத்த பிறகு பணம் மொத்தமாகக் கைக்கு வராது. நிறுவனம் முதலில் செலவழித்து, கணக்குக் காட்டித் திரும்பப் பெறும். ஆள் செலவிலிருந்து கருவிக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு அளவுக்குமேல் மன்றத்தின் அனுமதி தேவை. முதல் ஆண்டில் ஆள் கிடைக்காமல் பணம் தேங்கும்போதே நிதி அலுவலரிடம் பேசி அடுத்த ஆண்டுக்கு நகர்த்தக் கேளுங்கள். கால நீட்டிப்புக் கோரிக்கையும் முடிவு தேதிக்குச் சில மாதம் முன்பே போக வேண்டும். கூடுதல் பணம் கேட்காத நீட்டிப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதில் இதுவரை எத்தனை பேர் சேர்ந்தார்கள், மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், மீதி எத்தனை மாதத்தில் முடியும் என்ற மூன்று எண்களும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.